எண்குறியிலிருந்து சொற்குறிக்கு: கொல்கத்தாவில் தொடங்கிய நிரலாக்கக் கல்வியும் மொழிச் சிக்கலும்

1. முன்னுரை

கல்லூரியில் கணிப்பொறி நிரலாக்கத்தின் முதற்பாடத்தைத் தொடங்கும் மாணவர் ஒரே வேளையில் இரண்டு மொழிகளை எதிர்கொள்கிறார். ஒன்று, கணிப்பொறிக்குக் கட்டளையிடுவதற்கென வகுக்கப்பட்ட செயற்கை மொழி. மற்றொன்று, அச்செயற்கை மொழியை விளக்க ஆசிரியரும் பாடநூலும் கையாளும் இயற்கை மொழி. இந்தியக் கல்லூரிகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே மாணவரை வந்தடைகின்றன. கணிப்பொறிக்கும் ஆங்கிலத்திற்கும் இயற்கையிலேயே ஏதோ உறவு உண்டு என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியுள்ளது.

வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடம் தரவில்லை. இந்தியாவில் நிரலாக்கம் முதன்முதலாகப் பயிலப்பட்ட இடம் கொல்கத்தா (2001ஆம் ஆண்டுவரை ஆங்கிலத்தில் கல்கத்தா என்னும் வடிவமே வழங்கிற்று). அங்கு முதலில் பயிலப்பட்ட நிரலில் ஆங்கிலச் சொல் எதுவும் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. ஆங்கிலச் சொற்கள் நிரலுக்குள் புகுந்தது பின்னர் நிகழ்ந்த ஒரு மாற்றம். அம்மாற்றம் தொடக்கநிலை மாணவரை எவ்வாறு பாதித்தது என்பதையும், கலைச்சொல்லாக்க முயற்சிகள் அதனை எந்த அளவுக்கு ஈடுசெய்தன என்பதையும் வங்காளம், தமிழ் ஆகிய இரு மொழிகளை ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கணிப்பவரும் கணிப்பொறியும்

பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், மாதிரிக் கணக்கெடுப்புகளின் வழியே பெருந்தொகையான எண் விவரங்களைத் திரட்டி வந்தது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கான ஆயத்தப் பணிகளும் இச்சுமையை மேலும் பெருக்கின. பொறி வருவதற்கு முன்னர், மேசைக் கணக்கிடு கருவிகளைக் கொண்டு கணக்கிட்டவர்கள் மனிதர்களே. ஆங்கிலத்தில் இன்று பொறியைக் குறிக்கும் சொல், அக்காலத்தில் இத்தகைய பணியாளரையே குறித்தது. ஆளைக் குறித்த பெயர் பின்னர்ப் பொருளுக்கு ஆகிவந்தது.

இப்பொருள் மாற்றம் இந்திய மொழிகளில் வேறு வகையில் அமைந்தது. வங்காளத்தில் 'கணக்' என்னும் சொல் கணக்கிடுபவரைக் குறிப்பதோடு சோதிடரையும் குறிக்கும். தமிழிலும் கணி, கணியன் என்பன காலக்கணிதம் அறிந்தோரையும் சோதிடரையும் குறித்த பழஞ்சொற்களே. இவற்றின் பொருட்பரப்பு ஏறத்தாழ ஒன்றே. எனினும் இரு மொழிகளும் இருவேறு வழிகளில் சென்றன. வங்காளம் பொது வழக்கில் ஆங்கிலச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. தமிழ், 'கணி' என்னும் அடியிலிருந்து கணிப்பான், கணிப்பொறி, கணினி என வடிவங்களைப் படைத்துக்கொண்டது. பெயரிடுவதில் தமிழ் காட்டிய இந்த முனைப்பு பாராட்டத்தக்கதே. ஆனால் பொருளுக்குப் பெயரிடுவதும் அப்பொருளைப் பயிற்றுவதும் ஒன்றல்ல என்பது பின்வரும் வரலாற்றால் விளங்கும்.

3. எண்குறிக் காலம்

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1953ஆம் ஆண்டிலேயே சமரேந்திரகுமார் மித்ராவின் முயற்சியால் ஒப்புமுறைக் கணிப்பொறி ஒன்று உருவாக்கப்பட்டது. பத்து மாறிகளைக் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பது அதன் பணி. அதனையடுத்து, பிரிட்டனில் ஆண்ட்ரூ பூத்தின் வடிவமைப்பை அடியொற்றி உருவான எச்.இ.சி.-2எம் என்னும் இலக்கமுறைக் கணிப்பொறி 1955-56ஆம் ஆண்டளவில் பராநகரிலுள்ள நிறுவன வளாகத்தில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் இலக்கமுறைக் கணிப்பொறி இதுவே. பின்னர், 1950களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்திலிருந்து உரால் என்னும் பொறி வந்தது. 1966இல் இந்நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 செயற்பாட்டுக்கு வந்தது.

எச்.இ.சி.-2எம் பொறியின் நினைவகம் சுழலும் காந்த உருளையாகும். அதில் 1024 சொற்களுக்கு இடம் இருந்தது. ஈண்டுச் 'சொல்' என்பது மொழியியலார் கருதும் சொல் அன்று. 32 இருநிலை இலக்கங்களின் தொகுதியே அப்பெயர் பெற்றது. தரவுகள் துளையட்டைகளின் வழியே உள்ளிடப்பட்டன. நிரல் எழுதுவோர் பொறிக்குரிய எண்குறிகளிலேயே எழுத வேண்டியிருந்தது. ஒரு கட்டளையில் ஒரு பகுதி செய்ய வேண்டிய செயலைக் குறிக்கும் எண். மற்றொரு பகுதி, எதன்மீது அச்செயல் நிகழவேண்டுமோ அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண். 'கூட்டு', 'எழுது' போன்ற சொற்களுக்கு அங்கு இடமில்லை. பொருள்களுக்குப் பெயரிடும் வழக்கமும் இல்லை. இருப்பிட எண்ணே பெயராக நின்றது.

இம்முறை மிகக் கடினமானது என்பதில் ஐயமில்லை. ஓர் எண் பிழைபட்டாலும் முழுக் கணக்கும் பிழைபடும். ஆயினும் அதில் ஒரு நடுநிலைமை இருந்தது. அவ்வெண்குறிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு எவ்வளவு அயலானவையோ, வங்காளியருக்கும் தமிழருக்கும் அவ்வளவே அயலானவை. நிறுவனத்தின் அலுவல் மொழியாகவும் விளக்க மொழியாகவும் ஆங்கிலமே இருந்தது உண்மை. எனினும் நிரல் என்னும் பனுவலின் உள்ளே எந்த இயற்கை மொழிக்கும் முன்னுரிமை இல்லை. இரண்டு மொழிகளுள் ஒன்றிலேனும் எல்லாரும் ஒரே தொலைவில் நின்ற காலம் அது.

4. சொற்குறியின் வருகை

ஐ.பி.எம். நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் இந்நிலையை மாற்றியது. வாய்பாட்டு மொழிபெயர்ப்பு என்னும் பொருளுடைய தொடரின் சுருக்கமே அதன் பெயர் என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. மனிதர் கணித வாய்பாட்டை ஒத்த வடிவில் எழுத, அதனை எண்குறிகளாக மாற்றும் வேலையைப் பொறியே மேற்கொண்டது. அதுவரை நிரல் எழுதுவோர் செய்துவந்த மொழிபெயர்ப்பு, நிரல்பெயர்ப்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. இது பெரும் விடுதலை. அதேவேளையில், படி, எழுது, செல், ஆயின் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் நிரலின் உறுப்புகளாயின.

இந்தியாவில் இம்முறை பரந்த அளவில் கல்லூரிப் பாடமானது கான்பூரில் ஆகும். அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் ஐ.பி.எம். 1620 பொறி நிறுவப்பட்டபின், ஃபோர்ட்ரான் நிரலாக்கம் பொறியியல் மாணவர்க்குரிய பாடமாயிற்று. பிற நிறுவனங்களிலிருந்து வந்தோர்க்குக் குறுங்காலப் பயிற்சிகளும் நடத்தப்பட்டன. இப்பணியில் முன்னின்றவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். அவருடைய வகுப்புக் குறிப்புகளிலிருந்து உருவான ஆங்கிலப் பாடநூல் 1969இல் வெளிவந்து, குறைந்த விலையில் நாடெங்கும் பரவியது. தொடக்கநிலைப் பாடத்தின் வடிவம், வரிசை, எடுத்துக்காட்டு ஆகியன நிலைபெற்ற காலம் இது. கொல்கத்தாவின் ஆய்வுக்கூடத்தில் வல்லுநர் சிலரின் தொழிலாக இருந்த நிரலாக்கம், வகுப்பறையில் பலர் பயிலும் பாடமாகியபோது ஆங்கிலச் சொற்குறி உடையதாகவே அமைந்துவிட்டது.

இச்சொற்கள் வெறும் குறியீடுகளே என்று கொள்ளும் கருத்தும் அன்றே நிலவியது. 1960இல் வகுக்கப்பட்ட அல்கால் மொழியின் வரையறை, தடித்த எழுத்தில் அமையும் கட்டளைச் சொற்களைத் தனித்தனிக் குறியீடுகளாகவே கொண்டது. அவற்றில் உள்ள எழுத்துகளுக்கும் குறியீட்டின் பொருளுக்கும் தொடர்பில்லை என்பது அதன் கொள்கை. குறிக்கும் குறிபொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மையது என்னும் மொழியியல் கருத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் கொள்கையளவில் இடுகுறியாகும் சொல், ஆங்கிலம் அறிந்த மாணவர்க்குக் காரணப்பெயராகிவிடுகிறது. அறியாதவர்க்கு மட்டுமே அது உண்மையில் இடுகுறியாக நிற்கிறது. முன்னிருந்த சமநிலை இவ்வாறு குலைந்தது.

5. கலைச்சொல் முயற்சிகள்

அறிவியலைத் தாய்மொழியில் கற்பிக்கும் முயற்சி இவ்விரு மொழிகளுக்கும் புதிதன்று. சேலத்தில் 1916இல் இராஜாஜி முதலியோரால் தமிழ்ச் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1934இல் அமைத்த கலைச்சொற்குழுவுக்கு, வேதியியலாரும் அகராதி ஆசிரியருமான ராஜசேகர் பாசு தலைமை ஏற்றார். கலைச்சொல்லைக் குறிக்க இரு மொழிகளும் அன்று கையாண்டது 'பரிபாஷா' என்னும் ஒரே வடசொல் என்பது குறிப்பிடத்தக்கது.

இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போஸ் 1948இல் கொல்கத்தாவில் வங்க அறிவியல் கழகத்தை நிறுவி, 'ஞான் ஓ விஞ்ஞான்' என்னும் வங்காள அறிவியல் இதழையும் தொடங்கினார். தாய்மொழியில் உயர் அறிவியல் இயலாது என்பாருக்கு விடையாக, மூல ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே கொண்ட ராஜசேகர் பாசு நினைவு மலர் ஒன்று 1963இல் அவ்விதழின் சார்பில் வெளிவந்தது. கான்பூரில் ஃபோர்ட்ரான் பாடத்திற்கு வழிவகுத்த பொறி வந்து சேர்ந்ததும் அவ்வாண்டிலேதான். தாய்மொழியில் ஆய்வே எழுத இயலும் என்று கொல்கத்தா காட்டிய ஆண்டிலேயே, நாட்டின் நிரலாக்கப் பாடம் ஆங்கில வடிவில் அடியெடுத்து வைத்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் கலைச்சொற்பணியின் இயல்பிலேயே உள்ளது. பொதுவாகக் கலைச்சொற்குழுக்கள் பெயர்ச்சொற்களின் பட்டியலையே உருவாக்குகின்றன. வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் அது பெருமளவு போதுமானது. நிரலாக்கமோ பொருள்களின் பெயர்த்தொகுதியன்று. செயல்களை ஒழுங்குபடுத்திக் கூறும் முறை. அதற்கு வேண்டுவன பெயர்கள் மட்டுமல்ல. வினைகளும் நிபந்தனைத் தொடர்களும் வரிசை காட்டும் சொற்களும் ஆகும்.

தமிழில் பிற்காலத்தே உருவான கணிப்பொறிக் கலைச்சொற்களுள் சிறந்தவை பல உள்ளன. 'நிரல்' என்பது அவற்றுள் ஒன்று. வரிசை, ஒழுங்கு என்னும் பொருளுடைய இப்பழஞ்சொல், நிரல்நிறை என்னும் பொருள்கோள் வாயிலாகத் தமிழ் இலக்கண மாணவர்க்கு அறிமுகமானது. கட்டளைகள் வரிசையில் நிற்பதே நிரல் என்னும் அடிப்படைக் கருத்தைச் சொல்லே உணர்த்திவிடுகிறது. மறுபுறம், 'நெறிமுறை' என்னும் சொல் கணக்கைத் தீர்க்கும் படிவரிசைக்கும், இரு பொறிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் விதிமுறைக்கும் ஒருசேர வழங்குவதால் தொடக்கநிலை மாணவரைத் தடுமாறச் செய்கிறது. நல்ல சொல்லும் சொற்குழப்பமும் அருகருகே நிற்கும் நிலை இது.

6. கல்லூரி வாயிலில் மாணவர்

பயிற்றுமொழிக் கொள்கையும் நிரலாக்கப் பாடமும் ஒன்றோடொன்று மோதிய இடம் மேற்கு வங்காளம். இடதுசாரி முன்னணி அரசு 1980களின் தொடக்கத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலப் பாடத்தை நீக்கியது. குழந்தை தாய்மொழியிலேயே எழுத்தறிவு பெறவேண்டும் என்னும் கல்வியியல் நோக்கம் இதற்கு அடிப்படை. இதன்படி வங்காளவழி மாணவர் ஆறாம் வகுப்பில்தான் ஆங்கிலம் கற்கத் தொடங்கினர். மொழியியலார் பவித்ர சர்க்கார் தலைமையிலான ஒருநபர் குழு 1998இல் அமைக்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலம் படிப்படியாகத் தொடக்க வகுப்புகளுக்குத் திரும்பியது.

1983இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இடையீடின்றிப் பயின்றிருப்பின், 1995இல் கல்லூரி வாயிலை அடைந்திருக்கும். கணிப்பொறிப் பாடம் இந்தியக் கல்லூரிகளில் பெருகிய காலம் அது. தாய்மொழிக் கல்வி என்னும் கொள்கை பள்ளியின் அடித்தளத்தில் செயற்பட்டது. அதற்கு ஈடான வங்காளப் பாடநூல்கள் கல்லூரியின் மேல்தளத்தில் காத்திருக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படிகள் ஒரு மொழியிலும் மேற்படிகள் மற்றொரு மொழியிலும் அமைந்தமையால் இடைப்பட்ட தாவல் மாணவர் தலையில் விழுந்தது. பள்ளியில் தமிழ்வழி பயின்று கல்லூரியில் ஆங்கிலவழிக் கணிப்பொறி அறிவியலில் சேரும் தமிழக மாணவரின் நிலையும் இதனின் வேறன்று.

நிரலாக்க மொழியில் உள்ள ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே. அவற்றை மனப்பாடம் செய்தால் போதும் என்று கூறுவார் உண்டு. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியின் ஒதுக்கச் சொற்கள் 32 மட்டுமே என்பது உண்மை. ஆனால் மாணவர் இடறும் இடம் அச்சொற்கள் அல்ல. கணக்கை விளக்கும் வினாத்தொடர், பாடநூலின் விளக்கவுரை, பிழை நேர்ந்தபோது பொறி காட்டும் செய்தி ஆகியவற்றிலேயே மொழித்தடை உள்ளது. பிழைச்செய்தியைப் படித்துணர இயலாத மாணவர், தம் அறிவுக்குறையே தோல்விக்குக் காரணம் என்று கருதி ஒதுங்கிவிடக்கூடும். மொழிக்குறையைத் திறன்குறையாக மாணவரும் ஆசிரியரும் பிழையாக உணர்தலே இப்பாடத்தின் பெருங்கேடு எனலாம்.

7. தொடரமைப்பு நோக்கு

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய மூன்று இடங்கள் ஈண்டுச் சுட்டப்படுகின்றன.

முதலாவது, நிபந்தனைத் தொடர். ஆங்கிலத்திலும் அதனை ஒட்டிய நிரலாக்க மொழிகளிலும் நிபந்தனைக் குறிச்சொல் தொடரின் தலைப்பில் நிற்கும். வங்காளத்தில் இதற்கு நேரான வழி உண்டு. 'ஜோதி' என்னும் சொல் நிபந்தனையின் தொடக்கத்திலும் 'தாஹோலே' என்பது விளைவின் தொடக்கத்திலும் வருவதால், வங்காள மாணவர் நிரலின் வரிசையைத் தம் மொழியிலேயே காண்கிறார். தமிழில் நிபந்தனை வினையின் ஈற்றில் ஒட்டி நிற்கும். 'மதிப்பெண் முப்பத்தைந்துக்குக் குறைந்தால்' என்னும்போது, இறுதி அசையை எட்டும்வரை அது நிபந்தனை என்பது வெளிப்படாது. ஆகவே, ஆங்கிலச் சொல்லின் இடத்தில் தமிழ்ச் சொல்லை வைப்பதால் மட்டும் தமிழ்த் தொடர் பிறந்துவிடாது.

இரண்டாவது, மதிப்பிருத்தல். ஃபோர்ட்ரானும் அதனைப் பின்பற்றிய பல மொழிகளும் ஓர் இடத்தில் மதிப்பை இருத்துவதற்குச் சமக்குறியையே கையாண்டன. ஓர் எண் அவ்வெண்ணோடு ஒன்றைக் கூட்டிய எண்ணுக்குச் சமம் என்று எழுதப்பட்டிருப்பதைக் காணும் கணித மாணவர் திகைப்பது இயல்பே. தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'மதிப்பிருத்து' என்னும் சொல் இத்திகைப்பை நீக்கவல்லது. அது சமத்தைக் கூறாமல் செயலைக் கூறுகிறது. எண்குறிக் காலத்தில் இருப்பிட எண்ணாக நின்ற உண்மையையும் மீட்டுத் தருகிறது. மூலச் சின்னத்தினும் பெயர்ப்பு தெளிவாக அமைந்த இடம் இது.

மூன்றாவது, ஏவலும் வியங்கோளும். ஆங்கில வினையடி யாரை நோக்கியது என்பதைக் காட்டாது. வங்காளம் முன்னிலையில் மூன்று நிலை வேறுபாடு உடையதாகலின், பொறியை எந்நிலையில் விளிப்பது என்பதைப் பெயர்ப்பாளர் முடிவுசெய்தே ஆகவேண்டும். தமிழில் வினைப்பகுதியே ஒருமை ஏவலாக நிற்கும்; 'அச்சிடு', 'கூட்டு' என்பன பொறிக்குரிய கட்டளையாகப் பொருந்துகின்றன. மாணவரை நோக்கிய வினாவோ 'நிரல் எழுதுக' என வியங்கோளில் அமையும். பொறிக்கு ஏவல், மாணவர்க்கு வியங்கோள் என்னும் இவ்வேறுபாட்டைப் பாடநூல்கள் சீராகப் பின்பற்றின், எது கட்டளை, எது விளக்கம் என்பதை மாணவர் எளிதில் பிரித்தறிவர்.

8. பிற முயற்சிகள்

தொடக்கப் பாடத்தைத் தாய்மொழிச் சொற்குறியில் நடத்துவது இயலாததன்று. சோவியத் ஒன்றியத்தில் 1985இல் பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் புகுத்தப்பட்டபோது, ஏ. பி. எர்ஷோவ் ரஷ்யக் கட்டளைச் சொற்களைக் கொண்ட கற்பித்தல் மொழியை வகுத்தார். நிரலாக்கத்தை இரண்டாம் எழுத்தறிவு என 1981இலேயே குறித்தவர் அவர். எழுத்தறிவு தாய்மொழியில் தொடங்க வேண்டும் என்னும் கொள்கையின் நேரிய விளைவே அம்முயற்சி.

தமிழில் முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரலாக்க மொழி இவ்வகையில் கருதத்தக்கது. 2009இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. அதில் நிபந்தனை முதலிலும் 'ஆனால்' என்னும் சொல் அதன்பின்னும் வருகின்றன. தமிழ்த் தொடரமைப்பு மதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் 'பதிப்பி' என்னும் வினை செயப்படுபொருளுக்கு முன்னரே நிற்கிறது. ஒரே மொழியில் இருவகை வரிசையும் அமைந்திருப்பது, இச்சிக்கல் இன்னும் ஆராயத்தக்கது என்பதைக் காட்டுகிறது.

2021இல் 8 மாநிலங்களைச் சேர்ந்த 14 பொறியியல் கல்லூரிகளில் தமிழ், வங்காளம் உள்ளிட்ட 5 இந்திய மொழிகளில் பட்டப்படிப்பு தொடங்கப்படும் என்னும் அறிவிப்பு வெளியானது. பாடநூல் பெயர்ப்பு இதனால் மீண்டும் அவசரப் பணியாயிற்று.

9. முடிவுரை

கொல்கத்தாவில் எண்குறியால் தொடங்கிய நிரலாக்கம், சொற்குறியை ஏற்றபோது மனிதரை நெருங்கி வந்தது. ஆனால் எல்லா மனிதரையும் ஒரே அளவில் நெருங்கவில்லை. இவ்வேறுபாடு பொறியின் இயல்பால் நேர்ந்ததன்று. பாடம் வடிவம் பெற்ற காலத்தின் சூழலால் நேர்ந்தது. எனவே அது மாற்றத்தக்கது.

உலகெங்கும் வழங்கும் நிரலாக்க மொழிகளைத் தமிழ் மாணவரோ வங்காள மாணவரோ கற்காமல் இருக்க இயலாது, இருக்கவும் வேண்டியதில்லை. வேண்டுவது, அம்மொழிகளுக்குச் செல்லும் முதற்படியேனும் மாணவர் சிந்திக்கும் மொழியில் அமைதலே. கலைச்சொற்பட்டியல் அதற்குத் தொடக்கம் மட்டுமே. நிபந்தனையும் கட்டளையும் விளக்கமும் பிழைச்செய்தியும் தொடரளவில் தமிழாகும்போதுதான் முதல் வகுப்பின் மொழித்தடை நீங்கும். அப்பணி கணிப்பொறி வல்லுநரால் மட்டும் நிறைவேறாது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் உடனிருந்து ஆற்ற வேண்டுவது.